வாடகை தவணையைத் தாங்குமா? கடன் வாங்கி வாடகை வீடு வாங்கப் போகிறவருக்கான கணக்கு

வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். மாத வாடகை இவ்வளவு, வங்கித் தவணை இவ்வளவு, வாடகை கொஞ்சம் கூட இருந்தால் வீடு தன் கடனைத் தானே அடைத்துக்கொள்ளும். கழித்தலில் பிழையில்லை. கழிக்க வேண்டிய செலவுகளில் பாதி அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை, அவ்வளவுதான்.

கட்டுரை முழுக்க ஒரே வீட்டை வைத்துப் பேசுவோம். விலை 10,000. எந்த நாட்டுப் பணம் என்பது தேவையில்லை, விகிதம்தான் வேண்டும். மாத வாடகை 70, ஆண்டுக்கு 840. வங்கி முக்கால் பங்கு, அதாவது 7,500 கடன் தருகிறது. வட்டி 7 சதவீதம், காலம் 20 ஆண்டு. மாதத் தவணை 58 சொச்சம் வரும். எழுபதில் ஐம்பத்தெட்டு போனால் மாதம் 12 மிச்சம். விற்கிற தரப்பு சொல்லும் கணக்கு இந்த இடத்தில் நின்றுவிடும்.

வாடகையில் கைக்கு வருவது எவ்வளவு

அதே வீட்டின் ஓராண்டுக் கணக்கை முழுதாக எழுதினால் இப்படி இருக்கும்:

ஆண்டு வாடகை: 840
காலியாகக் கிடக்கும் நாள்கள், வராத வாடகை: 50
வீட்டு வரி: 70
காப்பீடு: 25
அன்றாடப் பராமரிப்பு, சில்லறைப் பழுது: 80
பெரிய வேலைகளுக்கான ஒதுக்கீடு: 60
வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கான கூலி: 63
மொத்தச் செலவு: 348
தவணைக்கு முன் மிஞ்சுவது: 492

இந்த 492-ஐத்தான் நிகர வருமானம் என்கிறோம். ஓராண்டுத் தவணை 698. ஆக, ஆண்டுக்கு 206 துண்டு விழுகிறது. மாதம் 12 லாபம் என்று தோன்றிய வீடு, உண்மையில் மாதம் 17-ஐ உரிமையாளரின் சம்பளத்திலிருந்து எடுக்கிறது.

பட்டியலின் ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் வெட்டித் தள்ளுவது இந்த வரிகளைத்தான். காலி நாள்களுக்கு 50 என்பது ஏறக்குறைய 17 மாதத்துக்கு ஒரு மாதம் வாடகை வராது என்ற அனுமானம். ஒருவர் காலி செய்து, சுவருக்கு வண்ணம் அடித்து, அடுத்தவரைத் தேடி, அவர் குடியேறும் வரை ஒரு மாதம் போவது எங்கும் நடப்பதுதான். அந்த ஒரு மாதமே ஓராண்டு வாடகையில் 8.3 சதவீதம். வாடகையை எவ்வளவு ஏற்றலாம் என்பதையும் இதே கணக்கு தீர்மானிக்கிறது. மாதம் 3 கூட்டினால் ஆண்டுக்கு 36 கிடைக்கும். அதனாலேயே ஒழுங்காக வாடகை தரும் ஒருவர் வெளியேறி வீடு ஒரு மாதம் காலியாக நின்றால் 70 போச்சு. வண்ணச் செலவைச் சேர்க்காமலே, அதை மீட்க இரண்டு ஆண்டு ஆகும்.

பெரிய வேலைகளுக்கான ஒதுக்கீடுதான் எல்லோரும் விட்டுவிடும் வரி. அது மாதாமாதம் வராது. மூன்று ஆண்டு ஒன்றுமே இருக்காது. நான்காம் ஆண்டில் தண்ணீர்க் குழாய் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். கணக்கிடும் வழி எளிது: ஒவ்வொரு பொருளுக்கும் மாற்றும் செலவை எழுதி, இன்னும் எத்தனை ஆண்டு தாங்குமோ அதால் வகுக்க வேண்டும். தண்ணீர் சூடாக்கும் கருவி சுமார் 10 ஆண்டு, ஏசி 10 முதல் 15 ஆண்டு, வெளிச்சுவர் வண்ணம் அதைவிடக் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். கூரை, குழாய், மின்கம்பி, கழிவுநீர் இணைப்பு ஆகியவற்றின் வயதை வாங்கும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டின் வயது 25 என்று விளம்பரம் சொல்லும். குழாயின் வயதும் 25 என்பது அதில் அடக்கம்.

பார்த்துக்கொள்பவரின் கூலியை, வசூலாகும் 790-இல் 8 சதவீதம் என்று போட்டிருக்கிறோம். எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்வேன், அந்தச் செலவு எனக்கில்லை என்று பலர் அடித்துவிடுவார்கள். கணக்கில் அது இருக்கட்டும். உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் விலை உண்டு. தவிர, வேறு ஊருக்கு மாற்றலானாலோ உடம்பு முடியாமல் போனாலோ அந்தக் கூலி அன்றே செலவாக மாறிவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் சங்கத்தின் மாதச் சந்தா இன்னொரு வரி.

நம் எடுத்துக்காட்டில் செலவு வாடகையில் 41 சதவீதம். பழைய வீடானால் பாதியைத் தொடும். எந்த விவரமும் கையில் இல்லாத முதல் பார்வையில், வாடகையில் பாதி செலவுக்குப் போகும் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பான குத்துமதிப்பு.

கடன் எப்போது கை கொடுக்கும்

அடுத்தவர் பணத்தில் சொத்து சேர்க்கலாம் என்பது வாடகை வீட்டைப் பற்றி அடிக்கடி கேட்கும் பேச்சு. அது உண்மையாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதைச் சோதிக்க இரண்டு எண்கள் போதும்.

முதலாவது, நிகர வருமானம் விலையில் எத்தனை சதவீதம் என்பது. நம் வீட்டுக்கு 492-ஐ 10,000-ஆல் வகுத்தால் 4.9. இரண்டாவது, ஓராண்டுத் தவணை கடனில் எத்தனை சதவீதம் என்பது. இதைத் தவணை விகிதம் என்று வைத்துக்கொள்வோம். 7 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனுக்கு 9.3, 25 ஆண்டுக்கு 8.5, 30 ஆண்டுக்கு 8. இந்த எண் வட்டியைவிட எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும், ஏனென்றால் அசலும் அதில் சேர்ந்தே போகிறது.

விலையில் 1,000-க்கு வீடு ஆண்டுக்கு 49 ஈட்டுகிறது. கடனில் 1,000-க்கு 93 கட்ட வேண்டியிருக்கிறது. எனவே கடன் கூடக் கூட மாத வரவு மோசமாகிக்கொண்டே போகும். முதல் எண் இரண்டாவதைவிடப் பெரிதாக இருந்தால்தான் கூடுதல் கடன் கூடுதல் பணத்தைக் கையில் விட்டுச்செல்லும். முதல் எண் வட்டியைவிடவும் சிறியது என்றால், இங்கே 4.9-க்கு எதிரே 7, கடன் நமக்கு உழைக்கவில்லை, நாம்தான் அதற்கு உழைக்கிறோம்.

அசல் குறைகிறதே, அதுவும் நம் சொத்துதானே என்ற கேள்வி நியாயமானது. முதல் மாதத் தவணையான 58-இல் வட்டி 43.75, அசலுக்குப் போவது 14.40 மட்டுமே. முதல் ஆண்டு முழுக்க அசலில் குறைவது 178. அதற்காகக் கையிலிருந்து போட்டது 206. ஐந்து ஆண்டு கழிந்தபின் 7,500 கடனில் 6,470 இன்னும் நிற்கும். காலத்தில் கால் பங்கு போயிருக்கும், கடனில் ஏழில் ஒரு பங்குதான் குறைந்திருக்கும். அசல் வேகமாகக் கரைவதெல்லாம் பின்பாதியில்தான். ஐந்தாறு ஆண்டில் விற்றுவிடும் எண்ணத்தில் வாங்குபவருக்கு அந்தப் பின்பாதி வரவே வராது.

மீதி நம்பிக்கை விலையேற்றத்தின் மேல். விலை 10 சதவீதம் ஏறினால் 1,000. முன்பணம் 2,500, பத்திரச் செலவு 1,000 என்று கையிலிருந்து போட்ட 3,500-க்கு அது 29 சதவீத லாபம். 10 சதவீதம் இறங்கினால் அதே 29 சதவீதம் நட்டம், இதில் விற்கும் செலவு சேரவில்லை. விலையேற்றத்தை நம்பி வாங்கக் கூடாது என்பதில்லை. மாதம் 17 கட்டிக்கொண்டே எத்தனை ஆண்டு காத்திருக்க முடியும் என்று தெரிந்து வாங்க வேண்டும். சந்தை படுத்துக்கிடக்கும் ஆண்டில் வேலையும் போய், வேறு வழியின்றி விற்பவர்தான் இந்த விளையாட்டில் தோற்பவர். 2008-இல் பல நாடுகளில் நடந்தது இதுதான்.

வாடகையிலிருந்து விலைக்கு

விற்பவர் சொல்லும் விலையிலிருந்து தொடங்காமல் வாடகையிலிருந்து தொடங்கினால் எவ்வளவு கடன் வாங்கலாம் என்பது தானாக விழும். நிகர வருமானம் 492. அது தவணையைப் போல் 1.25 மடங்காவது இருக்கட்டும். இந்த இடைவெளி மோசமான ஓர் ஆண்டைத் தாங்குவதற்கு. வாடகைச் சொத்துக்குக் கடன் தரும் பல நிறுவனங்களும் 1.2 அல்லது 1.25 என்றே கேட்கும். 492-ஐ 1.25-ஆல் வகுத்தால் 394, தாங்கக்கூடிய ஆண்டுத் தவணை. அதை 9.3 சதவீதத்தால் வகுத்தால் 4,230. இந்த வீட்டின் வாடகை சுமக்கக்கூடிய கடன் அவ்வளவுதான். வங்கி தரத் தயாராக இருப்பது 7,500.

4,230 மட்டும் கடன் வாங்கி, பத்திரச் செலவு 1,000-ஐயும் சேர்த்து மீதி 6,770-ஐக் கையிலிருந்து போட்டால் வீடு தன் காலில் நிற்கும். ஆனால் அந்த 6,770-க்கு ஆண்டு மிச்சம் 98. அசல் குறைவதையும் சேர்த்தால் 200-க்குப் பக்கம், அதாவது 3 சதவீதம். அதற்கு இத்தனை தலைவலியா என்று கேட்கத்தான் வேண்டும். கணக்கு நமக்குச் சொல்வது, கூடுதல் முன்பணம் போட்டாலும் இந்த விலையில் இந்த வீடு தேறாது என்பதை. முக்கால் பங்கு கடனில் வாங்கி, அதே 1.25 மடங்கு இடைவெளியும் வேண்டுமென்றால், இதே வாடகைக்கு விலை 5,640-ஐத் தாண்டக் கூடாது. விலை 10,000-தான் என்றால் மாத வாடகை 120-க்கு மேல் வர வேண்டும்.

அமெரிக்க முதலீட்டாளர்களிடையே 1 சதவீத விதி என்று ஒரு பேச்சு உண்டு. மாத வாடகை விலையில் 1 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது அது. 30 ஆண்டுக் கடனில் மேலே சொன்ன கணக்கைப் போட்டால் தேவையான வாடகை ஏறக்குறைய 106 என்று வரும். விதி சொல்லும் 100-க்கு அது பக்கத்தில்தான் நிற்கிறது. அங்கே நீண்ட காலக் கடன் வழக்கமாகக் கிடைக்கிறது. 20 ஆண்டுக் கடன்தான் கிடைக்கும் இடத்தில் அதே விதியைப் பிடித்துத் தொங்கினால் கணக்கு இடிக்கும். பல பெருநகரங்களில் ஓராண்டு வாடகையே விலையில் 2, 3 சதவீதத்தைத் தாண்டாது. அங்கே கடனில் வாங்கும் வீடு வாடகையால் ஒருபோதும் தாங்காது. அதை விலையேற்றத்தின் மேல் கட்டும் பந்தயம் என்று பெயர் சொல்லி ஒப்புக்கொண்டு வாங்குவதே நேர்மை.

வங்கி எதைப் பார்க்கிறது

குடியிருக்க வாங்கும் வீட்டைவிட வாடகைக்கு விடும் வீட்டுக்குக் கடன் கிடைப்பது பொதுவாகக் கடினம், வட்டியும் சற்றுக் கூட. கஷ்டகாலத்தில் மனிதர்கள் தாங்கள் குடியிருக்கும் வீட்டின் தவணையை முதலில் கட்டுவார்கள், இன்னொன்றைக் கைவிடுவார்கள் என்பது கடன் கொடுப்பவர்களுக்குத் தெரியும். அதனால் கையிலிருந்து கேட்கும் பங்கும் 20, 25 சதவீதம் என்று உயரும். குறைந்த வட்டிக்காக நானே குடியிருக்கப் போகிறேன் என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டு வாடகைக்கு விடுவது கடன் மோசடி. தரகர் எல்லோரும் செய்வதுதான் என்பார். கையெழுத்து அவருடையது இல்லை.

வாடகை வருமானத்தை வங்கி அப்படியே ஏற்காது. அமெரிக்காவில் வீட்டுக் கடன்களை வாங்கிச் சேர்க்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி மொத்த வாடகையில் 75 சதவீதத்தையே கணக்கில் எடுப்பார்கள். பிரிட்டனில் இன்னொரு முறை. வாடகை, கடனின் வட்டியைப் போல் குறிப்பிட்ட மடங்கு இருக்க வேண்டும். அதையும் இன்றைய வட்டியில் சோதித்தால் போதாது. 2016-இல் அங்குள்ள வங்கி ஒழுங்குமுறை அமைப்பு கொண்டுவந்த விதிப்படி, ஐந்து ஆண்டுக்குக் குறைவாக வட்டி நிலையாக்கப்பட்ட கடனை, வட்டி 5.5 சதவீதமாவது ஆனால் என்ன ஆகும் என்று சோதித்தாக வேண்டும். நாமும் நம் கணக்கை இன்றைய வட்டியில் ஒரு முறையும் 2 சதவீதம் கூட்டி ஒரு முறையும் போட்டுப் பார்க்கலாம். வங்கி கேட்காவிட்டாலும்.

விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதன் மேல்தான் கடன் தொகை கணக்கிடப்படும். நாம் பேசிய விலை 10,000. வங்கியின் மதிப்பீட்டாளர் 9,200 என்று எழுதினால் முக்கால் பங்கு 6,900. நினைத்ததைவிட 600 கூடுதலாகக் கையிலிருந்து வர வேண்டும். முன்பணம் கட்டியபின் ஒப்பந்தங்கள் முறிவதற்கு இது பெரிய காரணம். பத்திரம், முத்திரை, வழக்கறிஞர், கடன் கட்டணம் ஆகியவற்றுக்கு வங்கி பெரும்பாலும் கடன் தராது. இவை மட்டுமே பல இடங்களில் விலையில் பத்தில் ஒரு பங்கைத் தொடும்.

நிலையான வட்டியா மாறும் வட்டியா என்பது வாடகை வீட்டில் குடியிருக்கும் வீட்டைவிடக் கூர்மையான கேள்வி, ஏனென்றால் வாடகை வட்டியோடு சேர்ந்து ஏறாது. நம் 7,500 கடனுக்கு வட்டி 7-லிருந்து 9 ஆனால் தவணை 58-லிருந்து 67.50 ஆகும். சில நாடுகளில் வட்டி ஏறும்போது வங்கி தவணையை மாற்றாமல் காலத்தை நீட்டிவிடும். மாதக் கணக்கில் எதுவும் தெரியாது. ஆனால் கடன் தொடங்கியதுமே வட்டி 9 ஆகி, தவணை 58-இலேயே நின்றால், 20 ஆண்டுக் கடன் 38 ஆண்டுக் கடனாகிவிடும். வட்டி மாற்றக் கடிதம் வரும்போதெல்லாம் மீதமுள்ள மாதங்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.

வட்டி எவ்வளவு புரட்டிப்போடும் என்பதற்கு அமெரிக்க அனுபவம் நல்ல பாடம். 30 ஆண்டு நிலை வட்டி 2021-இல் 3 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2022 அக்டோபரில் 7-ஐத் தாண்டியது. நம் வீட்டையே 30 ஆண்டுக் கடனில் 3 சதவீதத்துக்கு வாங்கியிருந்தால் தவணை 31.60, ஆண்டு மிச்சம் 113. 7 சதவீதத்துக்கு வாங்கினால் தவணை 49.90, ஆண்டுத் துண்டு 107. வீடு அதே, வாடகை அதே. மலிவு வட்டிக் காலத்தில் வாங்கி வெற்றி பெற்றவர்களின் அறிவுரையைக் கேட்கும்போது அவர்கள் எந்த ஆண்டில் வாங்கினார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

வங்கியைத் தவிர வேறு வழிகளும் உண்டு. ஏற்கெனவே உள்ள வீட்டை அடகு வைத்து முன்பணம் திரட்டலாம். அப்போது புது வீடு சரிந்தால் குடியிருக்கும் வீடும் ஆபத்தில் விழும், இரண்டு தவணையும் சேர்ந்து தாங்குமா என்றுதான் பார்க்க வேண்டும். விற்பவரே விலையில் ஒரு பகுதியைத் தவணையில் வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கலாம். அங்கே அவர் பேரில் பழைய கடன் நிற்கிறதா, நாம் தவணை கட்டியும் அவர் கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் தீர்க்க வேண்டும். ஐந்து, ஏழு ஆண்டில் மொத்த மீதியையும் ஒரேயடியாகக் கட்டச் சொல்லும் கடன்கள் உண்டு. தவணை சிறிதாகத் தெரியும். கெடு வரும்போது புதுக் கடன் கிடைக்குமா என்பது அன்றைய சந்தையின் கையில்.

புதியவருக்கு இவற்றில் சாதகமானது, இரண்டு முதல் நான்கு குடித்தனம் உள்ள சிறு கட்டடத்தை வாங்கி ஒன்றில் தானே குடியிருப்பது. குடியிருப்பவருக்கான வட்டி கிடைக்கும், மூன்று, நான்கு குடித்தனமானால் ஒன்று காலியானாலும் மற்றவை தவணையில் ஒரு பங்கைத் தாங்கும், பழுது எங்கே என்று கண் முன்னே தெரியும். அமெரிக்காவில் அரசு காப்பீடு செய்யும் எஃப்எச்ஏ கடன், தகுதி உள்ளவருக்கு, இத்தகைய கட்டடத்துக்கு 3.5 சதவீத முன்பணத்தில்கூடக் கிடைக்கும். அவ்வளவு குறைந்த முன்பணத்தில் தவணை எவ்வளவு பெருக்கும் என்பதை மேலே உள்ள தவணை விகிதத்தை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் வரிசை

கடனுக்கான முன்னொப்புதலை வாங்கியபின் வீடு தேடுவதுதான் சரியான வரிசை. பிடித்த வீட்டைப் பார்த்துவிட்டுக் கடனுக்கு ஓடினால், எந்த வட்டியானாலும் சரி என்ற மனநிலை வந்துவிடும்.

வாடகை எவ்வளவு வரும் என்பதை விளம்பரத்தில் பார்க்கக் கூடாது. விளம்பரத்தில் இருப்பது இன்னும் யாரும் தராத வாடகை. அதே தெருவில் கடந்த சில மாதங்களில் உண்மையில் குடியேறியவர்கள் என்ன தருகிறார்கள், எத்தனை வாரத்தில் ஆள் கிடைத்தது என்பதை இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒரு விளம்பரம் இரண்டு மாதமாக அப்படியே நின்றால் அந்த வாடகை அங்கே போகாது.

வீட்டில் ஏற்கெனவே ஆள் குடியிருந்தால் வேலை இன்னும் கூடும். ஒப்பந்தப் பிரதி, 12 மாத வாடகை வங்கியில் வரவான ஆதாரம், வாடகைதாரர் கொடுத்த வைப்புத்தொகை எவ்வளவு, அது இப்போது யாரிடம் இருக்கிறது. இவற்றை விற்பவர் சொல்வதோடு விடாமல், வாடகை இவ்வளவு, வைப்பு இவ்வளவு, பாக்கி ஏதுமில்லை என்று வாடகைதாரரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. விற்பதற்கு முந்தைய மாதம் தெரிந்தவரை உயர்ந்த வாடகைக்குக் குடிவைத்து, விற்றதும் அவர் காலி செய்வது பழைய தந்திரம். வைப்புத்தொகை விலையில் கழிக்கப்படாவிட்டால், நாம் வாங்காத பணத்தை நாம் திருப்பித் தர வேண்டிவரும்.

விலை பேசும் கடிதத்தில் இரண்டு நிபந்தனைகளாவது இருக்கட்டும்: கடன் கிடைக்காவிட்டாலும், கட்டட ஆய்வில் பெரும் குறை தெரிந்தாலும் முன்பணம் திரும்ப வேண்டும். இவை இல்லாமல் கட்டிய முன்பணம், மதிப்பீடு குறைந்த அன்றே போன பணம்.

ஆய்வில் பார்க்க வேண்டியது பணம் தின்னும் ஐந்தாறு இடங்கள்தான். கூரைக் கசிவு, அடித்தளத்தில் விரிசல், சுவரில் ஏறும் ஈரம், பழைய மின்கம்பி, தண்ணீர்க் குழாய், கழிவுநீர் வெளியேற்றம். புதிதாக அடித்த வண்ணம் ஒரே ஒரு சுவரில் மட்டும் இருந்தால் அந்தச் சுவரை ஈரமானியால் சோதிக்கச் சொல்ல வேண்டும். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு அழுத்தம் குறைகிறதா, தண்ணீர் வடிகிறதா என்று பார்க்கலாம். மழை பெய்த மறுநாளும், இரவு ஒன்பது மணிக்கும் ஒரு தடவை போய்ப் பார்த்தால் பகலில் தெரியாத பல விஷயம் தெரியும்.

சட்டப் பக்கத்தில் தனி வழக்கறிஞர் வேண்டும். விற்பவரோ வங்கியோ காட்டுபவர் போதாது, ஏனெனில் வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பது வங்கியின் பாதுகாப்பை. உரிமைத் தொடர், வில்லங்கம், வரிப் பாக்கி, கட்டட அனுமதிக்கு மேல் எழுப்பிய பகுதி, சங்கத்துக்குத் தர வேண்டிய பாக்கி ஆகியவை அடிப்படை. அனுமதியில்லாமல் போட்ட மேல்தளத்தின் வாடகையை விற்பவர் பெருமையாகச் சொல்வார். அதை இடிக்கச் சொன்னால் வாடகையும் போகும், காப்பீட்டுத் தொகையும் மறுக்கப்படலாம்.

கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், முன்கூட்டியே கட்டினால் அபராதம் உண்டா, வட்டி எதைப் பொறுத்து எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறும், வாடகைக்கு விட வங்கியின் எழுத்துச் சம்மதம் தேவையா என்ற மூன்று இடங்களையும் விரலால் தொட்டுப் படிக்க வேண்டும்.

சாவி கைக்கு வந்தபின்

காப்பீடு உரிமை மாறும் அன்றே தொடங்க வேண்டும். குடியிருப்பவருக்கான சாதாரண வீட்டுக் காப்பீடு வாடகை வீட்டுக்குப் பல நேரம் செல்லாது. வாடகைக்கு விடும் வீடு என்று சொல்லி எடுக்க வேண்டும். வீடு 30 அல்லது 60 நாளுக்கு மேல் காலியாக இருந்தால் பாதுகாப்பைக் குறைக்கும் விதி பல பாலிசிகளில் உண்டு. வாங்கியதும் இரண்டு மாதம் பழுதுபார்க்கத் திட்டமிடுபவர் இதை முன்பே நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

கையிருப்பு எவ்வளவு? வாடகை ஒரு பைசா வராவிட்டாலும் ஆறு மாதம் தவணை, வரி, காப்பீடு, சில்லறைப் பழுது எல்லாம் கட்டும் அளவு. நம் வீட்டுக்கு மாதம் 73, ஆறு மாதத்துக்கு சுமார் 440. முன்பணமும் பத்திரச் செலவும் போக இது தனியாக இருக்க வேண்டும். கடைசிக் காசு வரை முன்பணத்தில் போட்டுவிட்டு, மூன்றாம் மாதம் மோட்டார் எரிந்ததும் கடன் அட்டையில் 30, 40 சதவீத வட்டிக்கு வாங்குபவர்கள் உண்டு. 7 சதவீதக் கடனைக் குறைப்பதற்காகச் செய்த வேலை அது.

வருமான வரியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, காரணத்தோடுதான். தவணையில் வட்டிப் பகுதியைக் கழிக்க விடும் நாடுகள் பல, அசலைக் கழிக்க விடுவது அரிது. அதனால் ஆண்டுகள் போகப் போக வட்டி குறைந்து, தவணை மாறாமலே வரி கூடும். சலுகையும் நிலையானதல்ல. பிரிட்டனில் 2017 ஏப்ரல் முதல் 2020 வரை படிப்படியாக, தனிநபர் உரிமையாளர்கள் வட்டியைச் செலவாகக் கழிப்பதை நிறுத்தி, 20 சதவீத அளவுக்கு வரித் தள்ளுபடி மட்டும் கொடுத்தார்கள். வரிச் சலுகை இல்லாமல் நிற்காத வீட்டை வரிச் சலுகைக்காக வாங்க வேண்டாம்.

வீட்டுக்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்து, வாடகை அதில் வந்து, தவணை அதிலிருந்தே போகும்படி வைத்தால் முதல் ஆண்டின் முடிவில் மேலே போட்ட பட்டியலின் ஒன்பது வரிகளையும் உண்மையான எண்களால் நிரப்பிவிடலாம். பராமரிப்பு 80 என்று எழுதியது 130 ஆகியிருக்கலாம், காலி நாள் ஒன்றுமே இல்லாமலும் போயிருக்கலாம். இரண்டாவது வீட்டுக்கு விலை பேசும்போது அந்த எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். பெரிய வேலைகளுக்கான 60 மட்டும் அந்த ஆண்டு செலவாகாவிட்டாலும் கணக்கிலேயே கிடக்கட்டும்.